பேரப்பிள்ளைகளுடன் எழுத்தில் பேசுவோம்



ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வசிப்பது பாலக்காடு ஒலவக்கோட்டில். மகள் குடும்பம் மூணாற்றில் இருக்கிறது. பேத்தி வீட்டில் தமிழ் பேசுகிறாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகிறாள். தமிழ் எழுதத்தான் அவளுக்கு இடமில்லை. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலத்தில் அமைந்த தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் இன்று பல தமிழ் வீடுகளின் நிலை இதுதான்.

தமிழ்வழிப் பள்ளிகளைக் காப்பது நம் கடமை. ஆனால் அங்கே சேராத பிள்ளைகளுக்கு என்ன வழி? வாட்ஸ்அப்பில் தமிழில் தட்டச்சு செய்து அவர்களோடு உரையாடுவது ஒரு நல்ல வழி என்பேன்.

கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆயினும் அது அவர்கள் கைக்கு வந்தாகிவிட்டது. கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் மலைக்கிறார்கள். தொலைபேசியில் பேசினாலோ எழுத்துக்கு வேலையில்லை. தட்டச்சு உரையாடல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பதில் உடனே வருகிறது. யோசித்துத் திருத்தி அனுப்பவும் நேரம் கிடைக்கிறது.

ஒருநாள் பேத்தி, "தாத்தா, இங்கே நல்ல மலை" என்று எழுதினாள். பிழை என்று நான் சொல்லவில்லை. "அப்படியா கண்ணு, மழை எப்போது வந்தது?" என்று கேட்டேன். "மழை நாலு மணிக்கு வந்தது" என்று பதில் வந்தது. ரயில் ஓட்டத்தில் தகவலைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார். தவறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மொழிக்கும் அந்த முறை பொருந்துகிறது.

இரண்டு விதிகள் மட்டும் வைத்துக்கொள்வோம். ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதக் கூடாது. அங்கே லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். 1999-இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கலாம்; உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்பதால் நம் இலக்கணமே அதில் அமைந்திருக்கிறது. இரண்டு, நாளுக்கு ஒருமுறையாவது குரல் பதிவை விட்டு எழுத்தில் பதில் தரவேண்டும்.

பேச்சை வீடு காத்துத் தந்தது. எழுத்தையும் வீடே காக்கவேண்டிய நிலை வந்திருக்கிறது. பெரியோர்களே, இன்றிரவு உங்கள் பேரப்பிள்ளைக்குத் தமிழில் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். பதில் பிழையோடு வந்தாலும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.