காது அடைத்தால் காத்திருக்கலாகாது

காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. உள்ளே ஓயாத இரைச்சல். சிலருக்குத் தலைசுற்றலும் சேர்ந்துகொள்கிறது. "சளி அடைத்திருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும்" என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டையில் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போயிற்று என்று வாழும் பூதிகோட்டை, தங்கவயல் தமிழர்கள் இவ்வாறு செய்வதில் வியப்பில்லை. ஆனால், வீணாகும் அந்த நாலு நாள்தான் விலைமதிப்பற்றது.

மூன்று நாட்களுக்குள் திடீரென வரும் கேள்விக் குறைவு உட்செவியைச் சார்ந்ததாக இருக்கலாம். அழுக்கு அடைப்பா, நரம்புக் கோளாறா என்பதைச் செவித்திறன் சோதனை மூலம் டாக்டர்கள் கண்டறிவார்கள். நரம்புக் கோளாறாயின் முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு மருந்து. அதை இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நலம். சர்க்கரை நோயாளிகள் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. அவர்களுக்கு மருந்தைச் செவிப்பறை வழியே ஊசியாகச் செலுத்தவும் வழியுண்டு.

இதற்குத் துணையாக வந்திருப்பதே பிராணவாயு சிகிச்சை. உட்செவிக்கு இரத்தம் கொண்டு செல்வது மெல்லியதொரு நாளம். அதில் ஓட்டம் தடைப்பட்டால் ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் பிராணவாயுவின்றி மடியும். எனவே நோயாளியை மூடிய அறையில் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 2 முதல் 2½ மடங்கு அழுத்தத்தில், தினமும் சுமார் 90 நிமிடம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். கடலில் மூழ்குவோரின் நோய்க்குப் பயன்பட்டுவரும் முறைதான் இது. ஸ்டீராய்டுடன் சேர்த்து இரண்டு வாரத்துக்குள் இதையும் அளிக்கலாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ஆயினும் இது சர்வரோக நிவாரணி அல்ல. எல்லோருக்கும் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. சுரங்கத்தில் பாறை துளைக்கும் இயந்திரச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கேள்வியை இழந்த நம் பெரியவர்களுக்கு இது காதைத் திருப்பித் தராது. அவர்களுக்கு உதவுவது கேட்புக் கருவியே. பழைய செவிட்டையும் பிராணவாயுவால் போக்குவோம் என்று யாரேனும் பணம் கேட்டால் ஏமாறக்கூடாது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் தொழிலாளிக்கு அரசு ஆஸ்பத்திரியும் இ.எஸ்.ஐ.யுமே கதி. தங்கவயல், பங்காரப்பேட்டை ஆஸ்பத்திரிகளில் செவித்திறன் சோதனை எந்நாளும் உடனுக்குடன் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். டாக்டர் பரிந்துரைத்தால் பிராணவாயு சிகிச்சையின் செலவை இ.எஸ்.ஐ. தாமதமின்றி ஏற்க வேண்டும். பைல் மேஜை மாறுவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டால், பிறகு அனுமதி கிடைத்தும் பயன் என்ன?

மாரடைப்புக்கு ஓடுவதுபோல் காதடைப்புக்கும் ஓட வேண்டும். ஒரு நாள் கூலி போனால் சம்பாதிக்கலாம். போன காது திரும்புவது அரிது.