சேப்பாக்கத்துல நமக்கு எத்தனை சீட்டு?

"கிராக்கி அதிகம் சார், அதான் டிக்கெட் கிடைக்கலை."

ஐ.பி.எல் சீசன் வந்தா இந்த வசனத்தைக் கேட்காம ஒரு நாள் போறதில்லை. டீக்கடையில கேட்டாலும் இதான், டிவியில கேட்டாலும் இதான். எனக்குக் கோவமே இந்த வசனத்து மேலதான். கிராக்கின்னா என்ன? கேட்கிறவன் அதிகம், இருக்கிற சரக்கு கம்மி. கேட்கிறவன் அதிகம், ஒத்துக்கறேன். ஆனா சரக்கு எவ்வளவுன்னு யாராவது சொன்னாங்களா? அதைச் சொல்லாம கிராக்கி கிராக்கின்னு பாடினா அதுக்குப் பேர் கண்ணாமூச்சி.

பள்ளிக்கரணைக்காரங்களுக்கு சேப்பாக்கம் தூரதேசம் இல்லை மக்களே. வேளச்சேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பறக்கும் ரயில், இறங்கினா ஸ்டேஷன் பேரே சேப்பாக்கம். சட்டைப்பையில இருக்கிற சில்லறை போதும். வாசல் வரைக்கும் போறது அவ்வளவு சுலபம், வாசலைத் தாண்டுறதுதான் சங்கடம். எங்க சதுப்பு நிலத்துக்கு சீசனுக்கு சீசன் வர்ற வெளியூர்ப் பறவைங்களுக்குக்கூட உட்கார இடம் கிடைச்சிடுது, எங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது :-)

2024-ஐ எடுத்துக்குவோம். ஃபைனல் சேப்பாக்கத்துலன்னு மார்ச்லயே சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், எங்க ஏரியா பசங்க கால் தரையில நிக்கலை. மே 24 வெள்ளிக்கிழமை ரெண்டாவது குவாலிஃபையர், 26 ஞாயித்துக்கிழமை ஃபைனல். தோனிக்கு சேப்பாக்கத்துலயே வழியனுப்பு விழான்னு அவங்களா கதை, வசனம் எல்லாம் எழுதிட்டாங்க. மே நடுவுலயே குவாலிஃபையர் டிக்கெட் விற்பனை. ரூபே கார்டு வச்சிருந்தவனுக்கு முதல் நாள், இல்லாதவனுக்கு மறுநாள். மே 18-ம் தேதி பெங்களூர்ல தோத்து, ரன் ரேட்ல சி.எஸ்.கே வெளியே போயாச்சு. ஃபைனல்ல ஹைதராபாத் 113-க்கு ஆல் அவுட், கொல்கத்தா 10.3 ஓவர்ல முடிச்சு கோப்பையைத் தூக்கிட்டுப் போச்சு. ஆட்டம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, அது விளையாட்டு. ஆனா டிக்கெட் விக்கிறது விளையாட்டு இல்லையே?

கொஞ்சம் பின்னாடி போங்க. 2019 ஃபைனலும் சென்னைக்குத்தான் வந்திருக்கணும். ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளுக்கு அனுமதி கிடைக்காததால ஹைதராபாத்துக்குப் போச்சு. சுமார் 12,000 சீட்டு, 2011 உலகக் கோப்பைக்குக் கட்டினது, பல வருஷம் பூட்டியே கிடந்துச்சு. அப்போ "சீட்டு கம்மி"ன்னு சொன்னா நம்பலாம். இப்போ பூட்டைத் திறந்தாச்சு, 2023-ல புது ஸ்டாண்டும் கட்டியாச்சு, மொத்தம் ஏறக்குறைய 38,000 சீட்டு. இன்னமும் அதே வசனம்!

2023-ல கவுண்ட்டர் இருந்துச்சு. ராத்திரி முழுக்க ரோட்டுல படுத்துக் கிடந்தவனுக்கு 1,500 ரூபாய் டிக்கெட் கிடைக்க ஒரு வாய்ப்பாவது இருந்துச்சு. 2024-ல கவுண்ட்டரைத் தூக்கிட்டு எல்லாம் ஆன்லைன்னாங்க. குறைஞ்ச விலை 1,700. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 40 சதவீதம். அதாவது 1,000 ரூபாய் டிக்கெட் வரியோட 1,280 ஆனது போய் இப்போ 1,400. எங்க அக்கா பையன் காலேஜ் ரெண்டாம் வருஷம். ஆன்லைன் வரிசையில அவன் நிக்கிறதைப் பார்க்கணுமே, பரிட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. முறை வர்றப்போ எல்லா ஸ்டாண்டும் சாம்பல் நிறம். அஞ்சு நிமிஷத்துல வாட்ஸப்ல ஒருத்தன், "1,700 டிக்கெட் இருக்கு, 6,000". அவன் கிட்ட மட்டும் எப்படிய்யா இருக்கு? எங்க தெருப் பையன் ஒருத்தன் அப்படி வாங்கிட்டுப் போய் கேட்டுல நின்னா, அந்தக் கோடு ஏற்கெனவே ஸ்கேன் ஆகிடுச்சாம். வெளியில நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்தான். போலீஸ் சீசனுக்கு சீசன் பிளாக்ல விக்கிறவங்களைப் பிடிக்கத்தான் செய்யுது. கீழே தண்ணியைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க, குழாயை யாரும் மூடலை.

"இது வியாபாரம், கிராக்கி இருந்தா விலை ஏறத்தான் செய்யும், பொருளாதாரம் தெரியாதா?"ன்னு சில அறிவாளி அண்ணன்மார் கிளம்பி வருவாங்க. வாங்கண்ணே. அந்த மைதானம் நிக்கிற நிலம் அரசாங்கம் குத்தகைக்குக் கொடுத்தது. பந்தோபஸ்துக்கு நிக்கிறது நம்ம போலீஸ். பொது நிலமும் பொதுக் காவலும் வேணும், கணக்கு மட்டும் தனியார் ரகசியமா?

வெளியூர்ல எப்படின்னு பாருங்க. அமெரிக்காவுல காலேஜ் பாஸ்கெட்பால்னா நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி வெறி. கடைசி நாலு டீம் மோதுற வார இறுதியை கால்பந்து ஸ்டேடியத்துல நடத்துற அளவுக்குக் கூட்டம். அங்கேயும் பணக்காரன் சீட்டு, ஸ்பான்சர் சீட்டு எல்லாம் உண்டு. ஆனா பொதுமக்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் வாங்கி குலுக்கல் போடுறாங்க. ஆடுற காலேஜ்களோட மாணவர்களுக்குக் கூடைக்குப் பின்னாடி, தளத்தை ஒட்டி, குறைஞ்ச விலையில தனி இடம். விம்பிள்டன்ல கடைசி சில நாள் தவிர, பெரிய கோர்ட்டுகள்ல தலா 500 டிக்கெட் அளவுக்கு அன்னன்னிக்கு வரிசையில நிக்கிறவனுக்குன்னே வைக்கிறாங்க. வரிசையில நிக்கிறவனுக்கு நம்பர் தெரியும். 499-வது ஆளா, 700-வது ஆளான்னு பார்த்துட்டு இருக்கிறதா கிளம்புறதான்னு அவனே முடிவு பண்ணிக்குவான். மரியாதைன்னா அது.

நான் கேட்கிறது நாலே நாலு:

1. விற்பனைக்கு முன்னாடியே, 38,000-ல பொதுமக்களுக்கு எத்தனை, கிளப்புகளுக்கு எத்தனை, ஸ்பான்சருக்கு எத்தனை, ஓசி பாஸ் எத்தனைன்னு ஸ்டாண்ட் வாரியா அறிவிக்கணும்.

2. வேகமா விரல் ஓடுறவனுக்குன்னு இல்லாம குலுக்கல். எந்த பேங்க் கார்டுன்னு கேட்கக்கூடாது.

3. போக முடியாதவன் திருப்பிக் கொடுக்க அதிகாரபூர்வமான இடம். வாங்கின விலைக்கே அடுத்தவனுக்குப் போகணும்.

4. காலேஜ் பசங்களுக்கு ஒரு ஸ்டாண்ட், அடையாள அட்டை காட்டினா 500 ரூபாய்க்குள்ள. தொண்டை கிழியக் கத்தப் போறது அவங்கதானே.

இதுல ஒண்ணுகூட ராக்கெட் விடுற வேலை இல்லை. முதல் கோரிக்கைக்கு ஒரு தாள், ஒரு பேனா போதும். அந்த ஒரு தாள் வெளியே வந்தாலே மத்ததெல்லாம் தானா நடக்கும். 30,000 சீட்டு நமக்கு வித்திருந்தா, சரிய்யா கிராக்கிதான், வாயை மூடிக்கிட்டு வீட்டுல டிவி பார்க்கிறேன். வெறும் பத்தாயிரம்தான்னா, சும்மா விடலாமா?

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. 6,000 கொடுத்து வாங்கிட்டு, அதை ஸ்டேட்டஸ்ல வேற போட்டுப் பெருமைப்படுறதை நிறுத்துங்க சாமிகளா. அடுத்த மேட்ச்சுக்கு அவன் 8,000 கேட்பான். அப்போ கிராக்கியைக் கூட்டினது நீங்கதான்.