முட்டை இல்லை, சரி. அப்புறம்?

சென்னையில் எந்த மாலுக்கு வேண்டுமானாலும் போய், டோனட் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சைவ வீட்டுப் பெற்றோருக்கு அங்கே கேட்கக் கேள்வி ஒன்றுதான்: "எக்லெஸ்தானே?" கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பையன் "ஆமா மேடம், எல்லாமே வெஜ்" என்கிறான். முகம் தெளிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பிள்ளை விரல் நீட்டியதெல்லாம் பெட்டிக்குள் போகிறது. சாக்லேட் வழிவது, உள்ளே க்ரீம் அடைத்தது, மேலே கலர் மணிகள் தூவியது. முட்டை விஷயத்தில் காட்டிய கறாரில் காலணா அளவுகூட நாம் சர்க்கரையிடம் காட்டுவதில்லை.

அந்தக் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். டோனட்டில் இரண்டு வகை உண்டு. ஈஸ்ட் போட்டு மாவைப் புளிக்கவைத்து, உப்பவிட்டுப் பொரிப்பது ஒன்று. பேக்கிங் பவுடர் போட்டு, கேக் மாவு போலக் கலக்கிப் பொரிப்பது இன்னொன்று. மேல்நாட்டுச் செய்முறைகளில் இரண்டிலுமே பெரும்பாலும் முட்டை சேரும். கேக் வகையில் மாவு உதிராமல் பிடித்து நிற்பதற்கே முட்டை வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் பொரித்ததும் பன்றிக் கொழுப்பில்தான். நம் ஊர் வியாபாரிகளுக்கு நம் மனசு தெரியும். முட்டைக்குப் பதில் பால் பவுடர், தயிர், கண்டென்ஸ்டு மில்க், சோயா லெசித்தின் என்று எதையாவது சேர்த்து மாவைக் கட்டிவிடுகிறார்கள். இதெல்லாம் டோனட்டோடு வந்த வித்தையும் அல்ல. பெங்களூரில் தொடங்கி ஊரெல்லாம் பரவிய ஐயங்கார் பேக்கரிகள் முட்டை இல்லாமல் கேக் போட்டுத்தான் பெயர் வாங்கின.

ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? மைதா, சர்க்கரை, எண்ணெய், முட்டை சேர்ந்த ஒரு பண்டத்தில் உருப்படியான சத்து என்று சொல்ல இருந்தது முட்டை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, மிச்ச மூன்றையும் வைத்துக்கொண்டு "சுத்த சைவம்" என்று பூரித்துப்போகிறோம். மைதா சைவம். பாமாயில் சைவம். வெள்ளைச் சர்க்கரையும் சைவம். என் வீடும் சைவ வீடுதான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்: நாம் சைவம் என்ற சொல்லை மருத்துவச் சான்றிதழாகப் பயன்படுத்துகிறோம்.

பச்சைப் புள்ளி எதற்குச் சாட்சி சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால், அதில் இறைச்சி, மீன், முட்டை, அவற்றிலிருந்து எடுத்த பொருள் எதுவும் இல்லை. முட்டை மட்டுமே சேர்ந்திருந்தாலும் நம் சட்டப்படி அது அசைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வரும். முன்பு அதுவும் வட்டமாக இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக முக்கோணமாக்கினார்கள். பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. டோனட் மேல் தூவும் மணிகளுக்குப் பளபளப்பு ஏற்ற சில இடங்களில் பூசும் ஷெல்லாக், அரக்குப்பூச்சி சுரக்கும் பொருள்தான். ஆகவே பால்கூடத் தொடாத வீகன் குடும்பத்துக்குப் பச்சைப் புள்ளி போதாது. அவர்களுக்கென்று 2022இல் தனி விதியும் தனி அடையாளமும் வந்துவிட்டன.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் நம்மிடையே இருக்கிறது. "எண் 471 என்று போட்டிருந்தால் பன்றிக் கொழுப்பு, உடனே பகிரவும்" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் காலையிலேயே அனுப்புகிறவர்கள். 471 என்பது மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு என்னும் பொருள்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது அவற்றின் வேலை. தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம்; 471 என்ற எண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் பொருளில் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்தது இருக்கக் கூடாது. சட்டம் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. இந்தப் பீதியைப் பரப்பும் மாமாதான், அதே குழுவில் பேரன் வாயெல்லாம் சாக்லேட்டோடு நிற்கும் படத்துக்கு நாலு பூங்கொத்து போடுகிறார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பச்சைப் புள்ளிக் கட்டாயம் கிடையாது. ஒவ்வாமை விவரத்தில் முட்டை என்று இருக்கிறதா என்று பார்ப்பதே சுருக்கு வழி. ஜெலட்டின் அந்த விவரத்தில் வராது, உட்பொருள் பட்டியலில்தான் தேட வேண்டும். மார்ஷ்மெல்லோ வைத்ததைத் தொடாமல் இருப்பது நல்லது.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். சுமார் 50 கிராம் எடையுள்ள, பாகு மட்டும் பூசிய சாதாரண டோனட் ஒன்றில் ஏறத்தாழ 190 கலோரி, 10 கிராம் சர்க்கரை. உள்ளே க்ரீம் அடைத்து மேலே சாக்லேட் பூசியது அதன் இருமடங்கு சர்க்கரையைக்கூடத் தாண்டலாம். 2 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு நாளைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016இல் சொன்னது. 2 வயதுக்குள் அறவே வேண்டாம் என்றும் சொன்னது. முதல் பிறந்தநாளுக்கு டோனட் கோபுரம் வைத்து, பல் முளைக்காத வாயில் க்ரீமைத் தடவிப் படம் எடுக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். காலையில் பாலில் கலக்கிக் கொடுத்த சத்துமாவு பானத்திலும், பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த பிஸ்கட்டிலும் சர்க்கரை இருந்தது என்பதை யார் கூட்டிப் பார்க்கிறோம்? மாலையில் வரும் டோனட் காலி வயிற்றுக்கு வருவதில்லை, ஏற்கெனவே நிரம்பிய கணக்கின் மேல் வந்து ஏறுகிறது.

கொழுப்பில் ஒரு நல்ல செய்தி உண்டு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வனஸ்பதியில் பொரித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் அந்த இடத்தில் பரவலாகப் புழங்குவது பாமாயில். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சட்டியில் எத்தனையாவது முறையாகக் கொதிக்கும் எண்ணெய் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. பொரித்த எண்ணெய் எந்த அளவு கெட்டால் கொட்டிவிட வேண்டும் என்பதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. பெரிய கடைகள் அளந்து பார்க்கக்கூடும். தெருமுனை பேக்கரியில் அளவுகோல், எண்ணெயின் நிறம் மட்டும்தான்.

10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவுக் கடைகள் விலைப் பலகையில் கலோரியையும் காட்ட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து சட்டம். காட்டவும் செய்கிறார்கள், சின்ன எழுத்தில். நம் கண் நேராக "மூணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" பக்கம் போய்விடுகிறது.

அதிரசம் மட்டும் என்ன மூலிகையா என்று கேட்பீர்கள். நியாயம். அதுவும் மாவு, வெல்லம், எண்ணெய்தான். வெல்லம் என்பதால் உடம்பு அதற்குத் தனிச்சலுகை தருவதில்லை. ஆனால் அதிரசம் தீபாவளிக்கு வந்தது, சீர்வரிசைத் தட்டில் வந்தது. டோனட் சனிக்கிழமைதோறும் வருகிறது. கணக்கில் 90 வாங்கினால் வருகிறது, ஊசி போட்டால் வருகிறது, அப்பா அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்த குற்ற உணர்வுக்கும் அதுவே வருகிறது. மாதம் ஒன்று தின்று எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. லஞ்சமாக வாரம் இரண்டு என்று பழக்கியவர்கள் நாம்தான். பிள்ளை அடம்பிடிக்கிறது என்று பழியை அதன் மேல் போடாதீர்கள்.

மத்திய அரசின் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்று 2016 முதல் 2018 வரை நடந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளிலும் பதின்வயதினரிலும் 10இல் ஒருவருக்கு, ரத்தத்தில் சர்க்கரை நீரிழிவின் வாசல்வரை வந்திருந்தது. பதின்வயதினரில் 100க்கு 31 பேருக்கு பி12 குறைபாடு. பி12 தாவர உணவில் கிடைப்பது அரிது. முட்டையும் தொடாத வீட்டுப் பிள்ளைக்குப் பாலும் தயிரும்தான் முக்கிய வழி. அந்தப் பிள்ளையின் மாலைப் பசியை ஒரு டோனட்டால் அடைத்துவிட்டு, இரவில் தயிர் சாதத்தைப் பாதியில் தள்ளிவைக்கிறான் என்று மருத்துவரிடம் குறைப்படுகிறோம்.

இதெல்லாம் நம் வீட்டுச் சமாசாரம், நம் பிள்ளையோடு போகட்டும். எனக்கு உண்மையான கோபம் பள்ளிப் பிறந்தநாளில்தான்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எந்தப் பண்டத்தில் எத்தனை சர்க்கரை என்று பிள்ளைகளே படித்துத் தெரிந்துகொள்ள. வெளியே கடைக்காரரைத் துரத்துகிறார்கள், உள்ளே பலகை மாட்டுகிறார்கள். நடுவில் நாம் ரிப்பன் கட்டிய 40 டோனட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைகிறோம். மிட்டாய் கொடுத்தால் கௌரவக் குறைச்சலாம்.

அந்த 40 பேரில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? முட்டை ஆகாத பிள்ளை இருக்கலாம். எக்லெஸ் வாங்கினாலும், முட்டை போட்டதும் போடாததும் ஒரே எண்ணெயில் பொரிந்து ஒரே இடுக்கியால் எடுக்கப்படும் கடையில் அவனுக்கு அது பாதுகாப்பு ஆகாது. பால் ஆகாத பிள்ளை இருக்கலாம். முட்டைக்குப் பதிலாகப் பால் பவுடர் கொட்டிய பண்டத்தைத்தான் "வெஜ்தான் கண்ணா, சாப்பிடு" என்று நீட்டுகிறோம். முந்திரி, வேர்க்கடலைத் தூள் ஒட்டினாலே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் பிள்ளைக்கு ஒரு விள்ளலே போதும். கோதுமை கூடாத சீலியாக் நோய் உள்ளவளுக்கு எந்தப் புள்ளியும் உதவாது. "ஒரே ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று கேட்காதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

டைப் 1 நீரிழிவுள்ள பிள்ளை விஷயம் வேறு. அவள் டோனட்டே தொடக் கூடாது என்றில்லை. மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்தால் அதற்கேற்ப இன்சுலின் போடலாம். கொழுப்பு சேர்ந்த பண்டம் ஆகையால் ரத்தச் சர்க்கரை உடனே ஏறாமல், சில மணி நேரம் தள்ளியும் ஏறும். அதையும் அந்தப் பிள்ளையின் தாய் கணக்கில் வைத்திருப்பாள். தாய்க்குத் தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து. "பாவம், எல்லாரும் சாப்பிடறப்ப அது மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கு" என்று கண்கலங்கிக் கையில் ஒன்றைத் திணிப்பவருக்கு இரக்கம் பீறிடுகிறது. இரவு 11 மணிக்கு விரலில் குத்திப் பார்த்துத் திகைப்பது அந்த வீடு.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பென்சில் கொடுங்கள், விதைப் பொட்டலம் கொடுங்கள். இல்லை, டோனட்தான் என்றால் முதல் நாளே வகுப்பு ஆசிரியைக்கும் வகுப்புக் குழுவுக்கும் எழுதுங்கள்: என்ன கொண்டுவருகிறோம், அதில் முட்டை, பால், கோதுமை, சோயா, கொட்டை எது எது இருக்கிறது, யாருக்கு எது ஆகாது. கிளைகள் பல உள்ள கடை என்றால் ஒவ்வாமை விவரத்தைத் தர வேண்டியது அவர்கள் கடமை. பில்லோடு கேட்டு வாங்கி அதையே படமெடுத்துப் போடலாம். யாராவது ஒரு அம்மா "என் பையனுக்கு வேண்டாம்" என்று பதில் போட்டால், ஏன் என்று குடையாமல் "சரி" என்று விடுங்கள். "எங்க காலத்துல இந்த அலர்ஜி எல்லாம் ஏது" என்று குழுவில் தட்டச்சு செய்யத் தொடங்கும் பெரிய மனிதர்களே, நீங்களும் கொஞ்சம் கையை அடக்குங்கள்.