14 கிலோமீட்டர் நடக்கலாம்... 800 மீட்டர் ஓடக் கூடாதா?



பௌர்ணமி இரவில் நம் ஊர் கிரிவலப் பாதையைப் பார்க்காதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? 14 கிலோமீட்டர் தூரம். செருப்பில்லாத கால்கள். இந்திர லிங்கம் தாண்டி, அக்னி லிங்கம் தாண்டி, ஈசான்ய லிங்கம் வரும்வரை பாட்டி நடக்கிறார், அம்மா நடக்கிறார், இடுப்பில் குழந்தையோடு அக்கா நடக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் அங்கே நடந்தாலும், "ஏம்மா இந்த நேரத்துல?" என்று கேட்க ஆள் கிடையாது. வியர்வையும் கால்வலியும் அங்கே புண்ணியம்!

அதே பெண் மறுநாள் சாயங்காலம் ஒரு மைதானத்தில் ஓடிப் பார்க்கட்டும்...

எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் பள்ளியில் 800 மீட்டர் ஓடியவர். டிப்ளமோவில் சேர்ந்தபின் ஒருநாள்கூட மைதானத்தில் கால் வைக்கவில்லை. "ஏம்ப்பா ஓடறத வுட்டுட்ட?" என்று கேட்டேன். "வெயில்ல கறுத்துப் போயிடுவ, ஆம்பள கால் மாதிரி ஆயிடும், அப்புறம் யார் கட்டிப்பான்னு வீட்ல திட்றாங்க. அதையாவது சமாளிச்சிடலாம். கிரவுண்டுக்கு வந்தா நீங்கல்லாம் சேர்ந்து விசில் அடிக்கிறீங்களே, அதுக்கு என்னா பண்றது?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலாண்டில் கேட்ட அந்த விசில்களில் என்னுடையதும் ஒன்று.

அந்தத் தோழி மாதந்தவறாமல் அம்மாவோடு மலை சுற்றுபவர். கால் அதே கால்தான். 14 கிலோமீட்டர் நடந்தால் பக்தி, 800 மீட்டர் ஓடினால் அடங்காப்பிடாரியா?

எலும்பும் தசையும் சேர்ந்தது உடம்பு என்று படித்தோம். ஆனால் எந்த உடம்பு எங்கே, எப்போது, எப்படி அசையலாம் என்று தீர்மானிப்பது ஊர்தான். இதைப் புரிந்துகொள்ள சாந்தி சௌந்திரராஜனின் கதை ஒன்றே போதும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்துப் பெண். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். தொடர்ந்து பாலினச் சோதனை, பதக்கம் பறிபோனது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எதுவும் அவர்மேல் இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான்! ஆனால் அவர் உடம்பைப் பற்றி டீக்கடை பெஞ்சு வரை பேசித் தீர்த்தார்கள். தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது உண்மை. பிறகு அவர் அதே சூளையில் கூலிக்குப் போனதும் உண்மை. அங்கிருந்து எழுந்து வந்து பயிற்சியாளருக்கான டிப்ளமோ முடித்தார். ஆம், நம்மைப் போல அவரும் ஒரு டிப்ளமோதான்!

வொர்க்‌ஷாப்பில் நாம் 'கோ - நோ கோ' கேஜ் பிடிக்கிறோம். 'கோ' பக்கம் நுழைய வேண்டும், 'நோ கோ' பக்கம் நுழையக் கூடாது. தவறினால் ரிஜெக்ட். பெண் உடம்புக்கும் இப்படி ஒரு கேஜ் செய்ய விளையாட்டு அமைப்புகள் அறுபது வருடமாக அலைகின்றன. 1966-ல் புடாபெஸ்டில் வீராங்கனைகளை நிற்கவைத்துக் கண்ணால் சோதித்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் பார்த்தார்கள். அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அளவு. 2025 முதல் உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனை கேட்கிறது. ஒடிசாவின் டூட்டி சந்தை 2014-ல் ஹார்மோனைக் காட்டி நிறுத்தினார்கள். அவர் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். 2015-ல் அந்த விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவருக்கு இரண்டு வெள்ளி! ஷாஃப்ட்டை விட்டுவிட்டு கேஜையே மாற்றிக்கொண்டிருந்தால் நம் இன்ஸ்ட்ரக்டர் சும்மா விடுவாரா?

பெண்கள் போட்டி நியாயமாக நடக்க ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. கோடு எங்கே என்பதை மருத்துவர்களும் வீராங்கனைகளும் பேசட்டும். ஆனால் ஒருவரின் உடம்பைச் சந்திக்கு இழுத்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

தோழர்களே! தோஹாவில் நடந்தது பெரிய சோதனை என்றால், நம் மைதானத்தில் கேட்கும் விசில் சின்னச் சோதனை. "நீ பொண்ணு மாதிரி இருக்கியா?" என்பதுதான் இரண்டிலும் கேள்வி. பெரிய சோதனையில் ஒரு பதக்கம் போனது. சின்னச் சோதனையில் எத்தனை பேர் ஓடாமலே நின்றுபோனார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

அதனால் நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். மாலையில் ஒரு மணி நேரம் மைதானம் மாணவிகளுக்கு. உடை மாற்ற, தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஓர் அறை. ஆண்டு விழாப் போட்டிகளில் மாணவிகளுக்குக் கோலப்போட்டியோடு நிறுத்தாமல் 800 மீட்டர் ஓட்டமும். இந்த மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் நாம். ஒரு மனுவோடு முதல்வர் அறைக்கு நடக்க முடியாதா?

நான்காவதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விசிலை நான் நிறுத்திவிட்டேன். இப்போது கைதட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள்...?

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்