காலில் தங்கூசி இறுகிய உள்ளான்

ஆசிரியருக்கு,

கடந்த தை மாதம் கற்பிட்டியிலிருந்து பத்தலங்குண்டுத் தீவுக்குப் படகில் போயிருந்தேன். வாடிகளுக்கு அப்பால், மணல்முனையில் பத்துப் பன்னிரண்டு கல்திருப்பி உள்ளான்கள் கரையொதுங்கிய பாசியை அலகால் புரட்டிப் புரட்டி இரை தேடிக்கொண்டிருந்தன. ஆர்க்டிக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, சித்திரை வரை நம்மிடம் தங்கிப்போக வரும் பறவைகள் இவை. அவற்றுள் ஒன்று நொண்டியது. காலில் தங்கூசி இறுகி, விரல்கள் கறுத்திருந்தன. பார்க்கப் பார்க்க நெஞ்சு பதறியது.

இதே மாவட்டத்து ஆனைவிழுந்தான் குளங்கள் 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கடல் தீவுகளுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும். அறுந்த வலைத்துண்டுகளைக் கரைக்குக் கொண்டுவரப் படகுக்கு ஒரு சாக்குப் போதும். மீனவர் சங்கங்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். படமெடுப்பதற்காகப் பறவைக் கூட்டத்தை விரட்டுவதை வனசீவராசிகள் திணைக்களம் தடுக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கற்பிட்டி