மாடிக்கு மட்டும் மதிப்பில்லையா?

தாராவியின் மாடி அறைகளை 'ஆக்கிரமிப்பு' என்று மட்டுமே வாசிப்போர் அவற்றின் பொருளியலைக் காண்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல, சீட்டுப் பணத்தாலும் நகைக் கடனாலும் எழுப்பிய முதலீடு அது. முதுமையில் அவர்களுக்கு வாடகையே ஓய்வூதியம். மறுமேம்பாட்டுத் திட்டமோ 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தளத்திற்கே 350 சதுர அடி இலவச வீடு என்கிறது. மேல்தளத்தார், 2022 நவம்பர் 15க்கு முன்பே வசித்திருந்தாலும், தாராவிக்கு வெளியே வாடகைத் தவணை வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

தரைக்கு மேலுள்ள வெளிக்கு விலையே கிடையாதா? அதானி குழுமம் பெரும்பங்கு வைத்திருக்கும் திட்ட நிறுவனத்திற்கு உண்டு. மும்பைக் கட்டுநர்கள், தாம் வெளியே வாங்கும் கட்டுமான உரிமையில் (டிடிஆர்) முதல் 40 விழுக்காட்டைத் தாராவியிலிருந்தே வாங்கவேண்டும் என்று 2023இல் விதி செய்ததும் இதே மாநில அரசுதான்.