சாவிக்கொத்து முழுவதும் எதற்கு?



தோட்டத்து இரவுக் காவலரிடம் கேட் சாவி இருக்கும். ஆபீஸ் பெட்டகத்தின் சாவி இராது. இது அவர்மேல் உள்ள அவநம்பிக்கை அல்ல. எவனாவது சாவியைப் பறித்துக்கொண்டாலும் பெட்டகம் தப்ப வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குத்தான். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, டியூஷன் பாடங்களையோ கடை விலைப்பட்டியலையோ பிறர் கைப்பேசியில் பார்க்கும்படி வைக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பாராட்டுவோம். மின்சாரம் போய் வந்தால் அந்தச் சேவை தானே தொடங்க வேண்டும். அதற்காகச் சிலர் அதை 'ரூட்' என்னும் தலைமைக் கணக்கில் ஓட விடுகிறார்கள். ரூட் என்பவர் பெரிய துரை மாதிரி. எந்த அறையையும் திறப்பார்; எதையும் அழிப்பார்.

நெட்வொர்க் சேவையோ முன்பின் தெரியாதவர்கள் வந்து தட்டும் கதவு. 2001 ஜூலையில் 'கோட் ரெட்' என்ற புழு, மைக்ரோசாப்டின் வலைச் சேவையில் இருந்த ஓட்டை வழியே ஒரே நாளில் மூன்றரை லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. ஓட்டையிருந்த பகுதி முழு அதிகாரத்தோடு ஓடியது. ஆகவே புகுந்த புழுவுக்கும் முழு அதிகாரம் கிடைத்தது.

தடுக்கும் வழி எளியது. சேவைக்கென்று ஒரு சாதாரணக் கணக்கைத் திறவுங்கள். கம்ப்யூட்டர் எழும்போது சேவைகளைத் தொடங்கி வைப்பது 'சிஸ்டம்டி'. அதற்கு எழுதும் கோப்பில் 'யூசர்' என்ற வரியில் அந்தக் கணக்கின் பெயரைப் போடுங்கள். பாடக் கோப்புகளைப் படிக்க மட்டும் அதற்கு உரிமை கொடுங்கள். யாரும் உள்ளே நுழைந்து தொடங்கி வைக்காமலே சேவை எழும். துரையின் அதிகாரம் இராது.

ஒரு தடங்கல் வரும். 1024க்குக் கீழுள்ள போர்ட் எண்களைச் சாதாரணக் கணக்கு திறக்க லினக்ஸ் வழக்கமாக விடாது. வலைப்பக்கத்தின் எண்ணோ 80. இங்கேதான் பொறுமையிழந்து பலர் ரூட்டுக்கே திரும்புகிறார்கள். வேண்டாம்! 8080 என்ற எண்ணை வைத்துக்கொள்ளலாம். 80தான் வேண்டுமென்றால், சிறிய எண்ணைத் திறக்கும் அந்த ஓர் உரிமையை மட்டும் அதே கோப்பில் எழுதிக் கொடுக்கலாம்.

அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் அடையாள அட்டை எண்களும் கடைக் கடன் கணக்கும் இருக்கக்கூடும். அவை பறிபோனால் திரும்ப வாரா.

பெற்றோர்களே, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, இது யார் பேரில் ஓடுது?" 'ரூட்' என்று பதில் வந்தால், அன்றே மாற்றச் சொல்லுங்கள்.